பழைய மடிப்பு போன் வாங்கலாமா? உள்திரைக்கு முதலில் விலை போடுங்கள்

2019, 2020 ஆண்டுகளில் வந்த முதல் மடிப்பு போன்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறுகின்றன. இந்தியாவில் அறிமுகமானபோது கேலக்ஸி ஃபோல்டின் விலை 1,64,999 ரூபாய். மோட்டோரோலா ரேஸர் 1,24,999, கேலக்ஸி இசட் ஃபிளிப் 1,09,999. இன்று அதில் ஒரு சிறு பங்குக்குக் கேட்கிறார்கள் என்றால் கை பரபரக்கத்தான் செய்யும். வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்குகிறவர் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்: இந்த போன்களில் விரித்தால் தெரியும் உள்திரை என்பது ஸ்கூட்டருக்கு டயர் மாதிரி, தேயும், ஒருநாள் மாற்ற வேண்டிவரும். டயரை விட அது பல மடங்கு விலை கூடியது. கீழே உள்ள கணக்குகளும் சோதனைகளும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

எவையெல்லாம் முதல் தலைமுறை

கடைக்கு வந்த முதல் மடிப்பு போன் சீன நிறுவனமான ரொயோலின் ஃபிளெக்ஸ்பை, 2018 அக்டோபர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் சாம்சங் கேலக்ஸி ஃபோல்டையும், அடுத்த சில நாட்களிலேயே ஹுவாவே மேட் எக்ஸையும் காட்டின. ரேஸர் 2019 நவம்பரிலும், இசட் ஃபிளிப் 2020 பிப்ரவரியிலும், இசட் ஃபோல்ட்2 2020 செப்டம்பரிலும் வந்தன. 2021-இல் வந்த ஃபோல்ட்3, ஃபிளிப்3 இரண்டும் தண்ணீரைத் தாங்கும் ஐபிஎக்ஸ்8 தரம் பெற்றவை. அதற்கு முந்தைய சாம்சங் மடிப்பு போன் எதற்கும் ஐபி தரம் கிடையாது. எல்லைக்கோட்டை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

ஃபிளெக்ஸ்பையும் மேட் எக்ஸும் வெளிப்பக்கமாக மடிபவை. மூடினாலும் மென்மையான திரை வெளியில்தான் இருக்கும், மேசையில் வைத்தாலே உரசும். மேட் எக்ஸில் கூகுள் சேவைகளும் இல்லை. சேகரிப்புக்கு என்றால் சரி, தினசரிப் பயன்பாட்டுக்கு இரண்டையும் விட்டுவிடுங்கள். மீதியுள்ள நான்கும் உட்பக்கமாக மடிபவை. இனி அவற்றைப் பற்றியே பார்க்கலாம்.

பெரிய திரையால் உண்மையில் எவ்வளவு லாபம்

ஃபோல்டின் உள்திரைக்குச் சொல்லும் 7.3 அங்குலம் என்ற எண் மூலைக்கு மூலை அளவு. பரப்பைக் கணக்கிட்டால்தான் லாபம் தெரியும். ஃபோல்டின் உள்திரை 2152 × 1536 பிக்சல், விரித்தால் ஏறக்குறைய 5.9 × 4.2 அங்குலம், அதாவது 25 சதுர அங்குலம். அதே ஆண்டு வந்த 6.4 அங்குல கேலக்ஸி எஸ்10 பிளஸின் பரப்பு 16 சதுர அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, பக்கம் பக்கமாகப் படிக்க ஒன்றரை மடங்குக்கு மேலான இடம். பிடிஎஃப், எக்செல், வரைபடம், ஒருபக்கம் மின்னஞ்சலும் மறுபக்கம் ஆவணமும் வைத்து வேலை செய்வது ஆகியவற்றுக்கு இது பெரிய வரம். ஒரே நேரத்தில் மூன்று செயலிகளைத் திறந்து வைக்கலாம். வெளித்திரையில் பார்த்துக்கொண்டிருந்ததை விரித்ததும் உள்ளே அதே இடத்திலிருந்து தொடரலாம்.

சினிமா பார்ப்பதில் லாபம் கொஞ்சம் குறையும். ஃபோல்டின் திரை கிட்டத்தட்ட சதுரம் என்பதால் 16:9 வீடியோவில் மேலும் கீழுமாகத் திரையின் ஐந்தில் ஒரு பங்கு கருப்பாகவே கிடக்கும். மிஞ்சும் படம் எஸ்10 பிளஸில் தெரிவதைப் போல ஒன்றரை மடங்கு. சினிமாஸ்கோப் அளவில் எடுத்த படமென்றால் கருப்புப் பட்டை இன்னும் அகலும். வீடியோவுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் இந்தப் பணத்தில் ஒரு டேப்லெட் வாங்கிக்கொள்வதே மேல்.

மூடிய நிலையில் ஃபோல்ட் என்ன தருகிறது என்பதையும் பாருங்கள். வெளித்திரை 4.6 அங்குலம், அகலம் 46 மி.மீ. மட்டுமே. ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் பத்து எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் 4.6 மி.மீ. கிடைக்கும். தமிழ்99 வரிசையில் பன்னிரண்டு எழுத்துகள் என்பதால் 4 மி.மீட்டரும் தேறாது. தமிழில் நிறைய தட்டச்சு செய்கிறவர் ஒவ்வொரு பதிலுக்கும் போனை விரிக்கத்தான் வேண்டும். இந்தக் குறையை ஃபோல்ட்2-வின் 6.2 அங்குல வெளித்திரை பெருமளவு தீர்த்தது. எங்கள் பார்வையில் இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஃபோல்டின் எடை 276 கிராம், எஸ்10 பிளஸ் 175 கிராம். மூடினால் கீல் பக்கம் சுமார் 17 மி.மீ. தடிமன். சட்டைப் பையில் வைத்தால் சட்டையே ஒருபக்கம் இழுக்கும்.

ஃபிளிப்பும் ரேஸரும் வேறு கதை. அவற்றின் திரை சாதாரண போன் அளவுதான், மடித்தால் சிறிதாகிறது என்பது மட்டுமே லாபம். மூடிய ஃபிளிப் 87 × 74 மி.மீ., 183 கிராம். பாதி மடித்து மேசையில் நிறுத்தினால் வீடியோ அழைப்புக்குத் தாங்கி தேவையில்லை. பையில் இடம் குறைவாக உள்ளவர்களுக்கும், போனை அடிக்கடி திறக்கும் பழக்கத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் இது நிஜமாகவே உதவும். ரேஸர் கைக்கு அழகு. ஆனால் உள்ளே 2510 எம்ஏஎச் பேட்டரிதான், அதுவும் இத்தனை ஆண்டு பழையது. ஒரு நாள் முழுக்கத் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உள்திரை ஏன் இவ்வளவு நோஞ்சான்

ஒரு பொருளை வளைக்கும்போது அதன் ஒரு முகம் நீள்கிறது, மறுமுகம் நசுங்குகிறது. எவ்வளவு என்பது தடிமனைப் பொறுத்தது: தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் நீட்சியின் விகிதம் கிடைக்கும். 0.03 மி.மீ. கண்ணாடியை 1.5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் நீட்சி 1 சதவீதம். சாதாரண போன்களில் உள்ள அரை மி.மீ. கண்ணாடியை அப்படி வளைக்க முயன்றால் 17 சதவீதம் நீள வேண்டும். அதற்கு வெகு முன்பே தூளாகிவிடும். எனவேதான் முதல் ஃபோல்டிலும் ரேஸரிலும் கண்ணாடியே இல்லை, மேலே இருப்பது பிளாஸ்டிக். ஃபிளிப்பில் 30 மைக்ரான் கண்ணாடி வந்தது, அது ஏ4 தாளின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. அதன் மேலும் ஒரு பிளாஸ்டிக் படலம் உண்டு. விரல் தொடுவது பிளாஸ்டிக்கைத்தான். “கண்ணாடித் திரை” என்ற விளம்பரத்தை நம்பிச் சாவியோடு சேர்த்துப் பையில் போட்டவர்கள் ஏமாந்தது இதனால்தான். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் சாதாரண போன் கண்ணாடி 6-ஆம் நிலையில் கீறல் விழும். மடிப்புத் திரை 2-ஆம் நிலையிலேயே தடம் வாங்கிவிடும், நகத்தால் அழுத்தினாலே பதியும்.

நடுவில் தெரியும் மடிப்புத் தடத்தைக் கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. படலங்களை ஒட்டியிருக்கும் பசை, மடிந்த நிலையில் நெடுநேரம் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்த வடிவத்துக்கே பழகிவிடுகிறது. விரித்தாலும் முழுதாகத் திரும்புவதில்லை. தடம் வழவழப்பாக, ஒரே சீராக இருந்தால் கவலையில்லை. முடிச்சு முடிச்சாகவோ, ஓர் இடத்தில் மட்டும் கூர்மையாகவோ இருந்தால்தான் சிக்கல்.

உண்மையான எதிரி தூசி. 2019 ஏப்ரல் 26-இல் வரவேண்டிய ஃபோல்ட் தள்ளிப்போனதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. மேலே இருந்த படலத்தை, கடையில் புது போனின் மேல் ஒட்டித் தரும் தாள் என்று எண்ணி மதிப்புரையாளர்கள் சிலர் உரித்தனர். அது திரையின் பாகம், உரித்ததும் திரை செத்தது. வேறொரு போனில் கீல் இடைவெளி வழியே துணுக்கு உள்ளே போய்த் திரைக்கு அடியில் புடைத்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி கொரியாவில் மீண்டும் வந்தபோது படலத்தின் விளிம்பு சட்டத்துக்கு அடியில் போயிருந்தது, கீலின் மேல்முனை கீழ்முனை இரண்டிலும் சிறு மூடிகள் வந்திருந்தன, திரைக்கு அடியில் கூடுதலாக உலோகத் தகடுகள் சேர்ந்திருந்தன. ஃபிளிப்பில் கீலுக்குள் நுண்ணிழைத் தூரிகை வைத்தார்கள். இவையெல்லாம் தூசியின் வேகத்தைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது.

ஃபோல்ட் தாங்கும் என்று சாம்சங் சொன்ன “இரண்டு லட்சம் மடிப்பு” என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நாளுக்கு 100 முறை என்றால் ஐந்தரை ஆண்டு. அது சுத்தமான அறையில், இயந்திரம் ஒரே சீராக மடித்த கணக்கு. 2019 அக்டோபரில் சிநெட் தளம் வேறோர் இயந்திரத்தில் ஃபோல்டை மடித்தபோது 1,19,380-இல் பாதித் திரை அணைந்தது. 2020 பிப்ரவரியில் ரேஸரின் கீல் சுமார் 27,000 மடிப்பில் மக்கர் செய்தது. அந்த இயந்திரம் தன் போனுக்குப் பொருத்தமற்றது என்று மோட்டோரோலா மறுத்தது, அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. எப்படியிருந்தாலும், செகண்ட் ஹேண்ட் போனை எத்தனை முறை மடித்தார்கள் என்று காட்டும் மீட்டர் எதுவும் இல்லை. கையால் சோதிப்பதுதான் வழி.

வாங்கும் முன் அரை மணி நேரச் சோதனை

பகல் வெளிச்சத்தில், குறைந்தது 60 சதவீதம் சார்ஜ் உள்ள போனைக் கேளுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

1. போனை அணைத்து, காதருகே வைத்து மெதுவாகப் பத்து முறை திறந்து மூடுங்கள். மொறமொறவென்ற சத்தமோ, ஓர் இடத்தில் தட்டுவதோ வந்தால் கீலுக்குள் மணல் இருக்கிறது. புதிய ரேஸரில் சிறு கிறீச் ஒலி வருவதுண்டு, அதை வைத்து மட்டும் ஒதுக்க வேண்டாம்.

2. அணைந்த கருந்திரையின் மேல் டியூப்லைட் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடியுங்கள். மடிப்பை ஒட்டிக் குமிழி, விளிம்பில் படலம் எழும்பல், ஊசிமுனைப் புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புடைப்பு என்றால் அடியில் துணுக்கு, ஒவ்வொரு மடிப்பும் அதைத் திரைக்குள் அழுத்தும். அந்த போன் வேண்டாம். ஃபோல்டில் கீல் முனை மூடிகள் இரண்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. சாம்சங்கில் டயல் பகுதியில் *#0*# தட்டினால் சோதனைத் திரை வரும். வராவிட்டால் சாம்சங் மெம்பர்ஸ் செயலியில் சோதனைப் பகுதி உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுத்திரையில் பாருங்கள். பிறகு வெள்ளைப் படம் ஒன்று. மடிப்போரம் கரும்புள்ளிக் கூட்டமோ, மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடோ தெரிந்தால் அது பரவும். “அப்படியே நிற்கும்” என்ற சமாதானத்தைக் கேட்க வேண்டாம்.

4. வெள்ளைப் படத்தை வைத்தபடியே 150, 120, 90, 60 டிகிரி என்று ஒவ்வொரு கோணத்திலும் பத்து விநாடி நிறுத்துங்கள். இந்தச் சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரு பாதிகளையும் இணைக்கும் ரிப்பன் கேபிள்கள் கீலைக் கடந்து போகின்றன. முழுக்க விரித்தால் ஒழுங்காகவும், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் மினுக்கியோ தொடுகை செத்தோ போனால் கேபிள் முறியும் நிலையில் இருக்கிறது.

5. ஒரு ஐகானைப் பிடித்து மடிப்புத் தடத்தின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை ஐந்து இடங்களில் மெதுவாக இழுங்கள். கையிலிருந்து நழுவினால் அந்த வரிசையில் தொடுகை இல்லை.

6. மூடியபின் திறக்கும் விளிம்பில் சீராகப் பொருந்துகிறதா? ஃபோல்டில் கீல் ஓரம் இடைவெளி இருப்பது அதன் அமைப்பு. திறக்கும் விளிம்பும் வாய் பிளந்து நின்றால், அல்லது பின்கண்ணாடி மேசையில் ஆடினால், பேட்டரி உப்பியிருக்கலாம். ஃபோல்டில் பாதிக்கு ஒன்றாக இரண்டு பேட்டரிகள், இரண்டையும் பாருங்கள்.

7. *#06# தட்டி போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யைப் பெற்று, திருட்டு போனா என்று, இந்தியாவில் என்றால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்து, பழையவரின் கூகுள் கணக்கைக் கேட்காமல் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிம் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ஃபோல்டிலும் ஃபிளிப்பிலும் ஒரு நானோ சிம்மும், போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு இ-சிம்மும். 2019 ரேஸரில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். மெமரி கார்டு எதிலும் போட முடியாது.

விலை எவ்வளவு கொடுக்கலாம்

அமெரிக்காவில் ஃபோல்டின் உள்திரையை மாற்ற, சலுகை முடிந்தபின் 599 டாலர் கேட்டார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல புது போனே வரும். இங்கே வாங்குமுன் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் மாடல் எண்ணைச் சொல்லி இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்திரை பாகம் இப்போது கிடைக்கிறதா, கூலியோடு என்ன ஆகும்? பாகம் இல்லை என்று சொன்னால், அந்த போனின் ஆயுள் திரையின் ஆயுளோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பாகம் உண்டென்றால், கேட்கும் விலையோடு திரைச் செலவையும் கூட்டி, அந்தத் தொகைக்கு ஃபோல்ட்3 அல்லது ஃபிளிப்3 கிடைக்குமா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும். கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வெளிக்கடை மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். ஐஃபிக்ஸிட் தளம் பழுதுபார்க்கும் எளிமைக்கு ஃபோல்டுக்குப் பத்துக்கு 2, ரேஸருக்கு 1 மதிப்பெண்தான் கொடுத்தது. பேட்டரி மாற்றவே பின்மூடியைச் சூடாக்கிப் பிரிக்க வேண்டும்.

மென்பொருளும் கணக்கில் வரட்டும். ஃபோல்ட் ஆண்ட்ராய்டு 12-இலும், ஃபிளிப்பும் ஃபோல்ட்2-வும் ஆண்ட்ராய்டு 13-இலும் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத போனில் வங்கிச் செயலிகளை வைத்திருப்பது நல்லதல்ல. படிக்க, குறிப்பெடுக்க, படம் பார்க்க இரண்டாவது போனாக வைத்துக்கொள்பவருக்கே இவை பொருந்தும். கட்டட வேலை, மாவு மில், மர வேலை போன்ற தூசி நிறைந்த இடங்களில் இருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தாலும் உதவாது.

வாங்கியபின் கையாள்வது

திறக்கும்போது இரு கட்டைவிரல்களும் சட்டத்தின் விளிம்பில் இருக்கட்டும். திரையின் நடுவை அழுத்தித் தள்ளக் கூடாது. ஒற்றைக் கையால் வீசித் திறந்தால் அதிர்ச்சி முழுதும் கீலின் நிறுத்தத்தில் விழும். மூடுமுன் திரையை ஒருமுறை பாருங்கள். ஒரு மணல் துகள் நடுவே சிக்கினால் இரு பாதிகளும் அதைச் சேர்ந்து அழுத்தும். மூடிய போனுக்குள் விசிட்டிங் கார்டு, ரூபாய் நோட்டு செருகும் பழக்கம் கூடவே கூடாது.

டெம்பர்டு கிளாஸ், கடையில் ஒட்டும் படலம் எதையும் உள்திரையில் ஒட்டாதீர்கள். கூடுதல் தடிமன் வளைவின் நீட்சியைக் கூட்டும், பிரிக்கும்போது அதன் பசை அடிப்படலத்தையும் சேர்த்து இழுக்கும். ஃபோல்ட்2-வின் மேல்படலம் எழும்பினால் அதைச் சர்வீஸ் சென்டரில் மாற்றலாம், முதல் ஃபோல்டின் படலத்தை எந்த நிலையிலும் உரிக்கக் கூடாது.

துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும், தடத்தின் போக்கிலேயே துடையுங்கள். கீலைச் சுத்தம் செய்யக் காற்றழுத்தக் குழாயைக் காட்டினால் வெளியே இருக்கும் தூசி உள்ளே போகும். மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். பைக் கைப்பிடியில் மாட்டி வெயிலில் ஓட்டினால் பசை இளகும், தாங்கியின் பிடி சட்டத்தை நெருக்கும். கடற்கரைக்கு எடுத்துப் போக வேண்டாம். மூடி நிற்பதற்காக உள்ளே காந்தங்கள் உண்டு, பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் நெஞ்சருகே வைக்கக் கூடாது.

திரை ஒருநாள் அணையும், அன்றைக்காக

ஃபோல்டில் உள்திரை போனாலும் வெளித்திரையில் பூட்டைத் திறந்து படங்களையும் எண்களையும் எடுத்துவிடலாம். டைப்-சி வழியே டிவியில் இணைத்து போனைக் கணினி போல இயக்கும் டெக்ஸ் வசதியில் மவுஸ் வைத்தும் வேலை பார்க்கலாம். ஃபிளிப்பில் இந்த வசதி இல்லை. வெளித்திரை 1.1 அங்குலம்தான், அதில் பின் எண் தட்ட முடியாது. டைப்-சி வழியே டிவிக்குப் படம் அனுப்பும் வசதியும் கிடையாது. எனவே ஃபிளிப் வாங்கிய அன்றே கூகுள் கணக்கில் படங்கள், தொடர்புகள், வாட்ஸ்அப் மூன்றுக்கும் தினசரி பேக்கப்பை இயக்கி, மறுநாள் இன்னொரு கருவியில் திறந்து உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரேஸரில் திரை அணைந்தால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட வழியில்லை. வங்கி ஓடிபி வரும் எண்ணை அதில் வைக்காமல், சாதாரண சிம்மாக இன்னொரு போனில் வைத்துக்கொள்ளுங்கள்.